ரசத்தில் வாசமே இல்லை என்றார்கள்

இந்தப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எழுதித் தந்தாலும் கைப்பேசியில்தான் பார்ப்பீர்கள், ஆனால் அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாக்களுக்கும் இது பயன்படும்.

நான் நாகர்கோவில்காரி. நர்ஸாக டெல்லிக்கு வந்து, பிறகு சுகாதாரக் கல்வியாளர் என்ற பெயரில் டிஸ்பென்சரி டிஸ்பென்சரியாக மாற்றலாகி, கடைசியில் கரோல் பாக் பக்கம் ஓய்வுபெற்றேன். என் வேலை என்னவென்று என் தம்பிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊசி போடுவாயா என்பான். போட மாட்டேன். மருந்து கொடுப்பாயா? கொடுக்க மாட்டேன். பின்னே என்னதான் செய்வாய்? கேள்வி கேட்பேன். அதற்கா சம்பளம் என்று கேட்டுவிட்டுப் போனை என் மகளிடம் கொடுக்கச் சொல்வான்.

அதற்குத்தான் சம்பளம். உங்களுக்கும் இனி அதற்குத்தான். ஒரு நோயைப் பற்றி இளைஞர்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு தேவை என்று எழுதுவார்கள். எந்த ஆண்டு எந்த நோய்க்கு எழுதினாலும் அந்த வரி மட்டும் மாறாது.

கேள்வித்தாளை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் சொல்லாத ஒன்று உண்டு. கேள்வி கேட்கும்போது அறையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எய்ட்ஸ் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போனோம். பெரிய வகுப்பு. அந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். வகுப்புக்கு வெளியே அதே நோயைப் பற்றி ஆளுயரச் சுவரொட்டி இருந்தது. இந்தப் பெண்களுக்கு எதுவுமே தெரியவில்லை என்று எங்கள் குழு அறிக்கை எழுதியது. கேள்வி நேரம் முழுக்கச் சுவரோரம் கைகட்டி நின்றிருந்த பேராசிரியையைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. அவர் முன்னால் தெரியும் என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பேராசிரியையாவது கண்ணுக்குத் தெரிந்தார். கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நிற்கும்போது என்ன செய்வது என்று யோசிக்க வைத்தவர்கள், கொரோனா வந்த முதல் ஆண்டில் கரோல் பாக்கில் நான் பார்த்த ஐந்து பையன்கள்.

கரோல் பாக்கின் சந்துகளில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே ஒரு தாலுகா அளவுக்கு இருப்பார்கள். ஊரடங்கு வந்தபோது ஊருக்கு ஓடினார்கள். தள்ளிப்போன முதல்நிலைத் தேர்வுக்குத் தேதி வந்ததும் திரும்பி வந்தார்கள். பிளைவுட் தடுப்பு வைத்த அறைகளில் இரண்டு பேருக்கு ஒரு மேசைவிளக்கு என்று உட்கார்ந்து படித்தார்கள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, அந்தப் பகுதி இளைஞர்களுக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்று அறிந்துவர எங்கள் மருத்துவ அதிகாரி என்னை அனுப்பினார். தேர்வு முடிந்ததும் போகலாமே என்றேன். தேர்வு முடிந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், எண்ணிக்கை குறையும் என்றார். அவருக்கு எண்ணிக்கை முக்கியம்.

ஒரே வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்த ஐந்து பையன்கள் எனக்குக் கதவு திறந்தார்கள். மூத்தவர் முத்துக்குமார். அருப்புக்கோட்டைப் பக்கம். மற்ற நால்வரும் அவரை முத்தண்ணன் என்றார்கள். வயது வரம்பின்படி அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பதைத் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே என்னிடம் சொன்னார். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. கடைக்குட்டி கவின், நாமக்கல்காரன், முதல் தடவை எழுதுகிறான். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். சன்னல் திறந்திருந்தது. அவர்களே என்னை ஆறடி தள்ளி உட்கார வைத்தார்கள். நான் போன வீடுகளிலேயே விதிமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்த வீடு அதுதான் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

கேள்வித்தாளைக் கொடுத்ததும் ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்று ஒருவர் கேட்டார். குறைக்க மாட்டார்கள் என்றதும் விட்டுவைத்த கேள்விகளுக்கும் விடை போட்டார்கள். ஒரு கேள்விக்கு முதல் கூற்றும் சரி, இரண்டாம் கூற்றும் சரி, ஆனால் இரண்டாவது முதலாவதற்கு விளக்கம் ஆகாது, அப்படி ஒரு விடையே இங்கே கொடுக்கவில்லையே என்றார் இன்னொருவர். முத்துக்குமார் ஏழாவது கேள்வியே பழசு, வழிகாட்டுதல் போன மாதம் மாறிவிட்டது என்றார். அவர் சொன்னது சரி. டிஸ்பென்சரியில் என்னைத் தவிர எல்லோரும் அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பார்க்காமலே போட்டிருந்தேன்.

எந்தெந்த அறிகுறி என்ற கேள்விக்கு ஐந்து பேரும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாசனையும் சுவையும் போவது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். உங்களுக்குத் தொற்று வந்தால் சுற்றியிருப்பவர்களிடம் சொல்வீர்களா என்ற கேள்விக்கு ஐந்து பேருமே கட்டாயம் சொல்வோம் என்று எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பு எப்போது வெளியிடுவீர்கள் என்று கேட்டார்கள்.

நான் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் மெஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு வீடு தள்ளி முதல் மாடியில் செல்வி அக்கா வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடு. சில நாட்களாக ரசம் சரியில்லையாம். வாசமே இல்லை, வெந்நீரில் புளியைக் காட்டிவிட்டு ஊற்றுகிறார் என்றார்கள். பரீட்சை முடிந்ததும் மெஸ்ஸை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. டெல்லிக்கு வந்த தமிழ்ப் பையன் ரசத்தைக் குறை சொல்லாவிட்டால்தான் அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்க வேண்டும். தண்ணீர் சரியில்லை, புளி சரியில்லை, துவரம்பருப்பு வேகவில்லை என்று நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காது எனக்கு.

செல்வி அக்கா எனக்குப் பழக்கம்தான். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் மத்திய அரசில் எழுத்தர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். ஓய்வுபெற்றபின் கரோல் பாக்கில் வாடகைக்கு வந்து மெஸ் நடத்தினார்கள். கணவரை ஊர் முழுக்க சார் என்றது, அக்காவும் சார் என்றே சொல்வார். சாருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்குப் பல தடவை டயாலிசிஸ். அந்த நோயாளிகளுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மாதங்களில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் அக்கா வீட்டின் முன்னறையில் பையன்களைச் சிறு சிறு பந்தியாகத்தான் உட்கார வைப்பார். சார் உள்ளறையில். நடுவில் இருந்தது ஒரு கதவுத் திரை மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு நானும் அங்கேதான் போனேன். முதல் பந்தி இன்னும் வரவில்லை. அக்காவுக்கு முகமே சரியில்லை. என்னைச் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, பையன்களைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார். முந்தாநாள் வாசமில்லை என்றார்கள் என்று பெருங்காயத்தைக் கூட்டினாராம். நேற்றும் இல்லை என்றார்கள் என்று மிளகைக் கூட்டினாராம். இன்றைக்கு இரண்டையும் கூட்டியிருந்தார்.

"நான் என்ன, கைக்கு வந்தத அள்ளிப் போடுதவளா சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க, இதுல வாசம் இல்லியா?" என்று ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தேன். மிளகு தொண்டையில் இறங்கி, பெருங்காயம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமினேன். அந்த நாட்களில் ஒருவர் இருமினால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும். அக்கா இரண்டடி பின்னால் போனார். நான் கையை ஆட்டி ஒன்றுமில்லை, ரசம்தான் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. வாசமும் சுவையும் போவது என்று ஐந்து பேர் எழுதிக் கொடுத்த தாள் என் பையில் இருந்தது. அதை எழுதிவிட்டு அதே வாயால் ரசத்தைத் திட்டியிருந்தார்கள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐவரும் சாப்பிட வந்துகொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் நான் எதையும் விளக்கவில்லை. கதவை ஒருக்களித்து வையுங்கள், பையன்களிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது, வாசமுள்ள சாமான் ஏதாவது ஒன்று கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அக்கா அடுக்களையிலிருந்து மஞ்சள் பெருங்காய டப்பாவை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு போய்ப் படியின் திருப்பத்தில் அவர்களை நிறுத்தினேன். டப்பாவைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஒவ்வொருவராக வாருங்கள், திறந்து முகர்ந்து பார்த்து என்ன வாசனை என்று சொல்லுங்கள், இதுவும் சர்வேயில் உண்டு என்றேன். இல்லைதான். ஆனால் சர்வேயில் உண்டு என்றால் அவர்கள் செய்வார்கள்.

மூத்தவர் என்பதால் முத்துக்குமார் முதலில் வந்தார். முகக்கவசத்தை இறக்கி, டப்பாவைத் திறந்து, மூச்சை ஆழமாக இழுத்தார்.

"பெருங்காயம் மேடம். நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ரசத்தின் மேல் அவர்களுக்கு உண்மையாகவே வெறுப்புதான் போலிருக்கிறது, நான்தான் வயதான காலத்தில் எதையெதையோ முடிச்சுப் போடுகிறேன் என்று நினைத்தேன். அடுத்த இருவரும் முகர்ந்துவிட்டுப் பெருங்காயம் என்றார்கள். நாலாமவரும் அதையே சொன்னார், ஆனால் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியாகக் கவின் வந்தான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இது காப்பித்தூளுங்ண்ணா" என்றான்.

நம் வீட்டு அடுக்களைகளில் டப்பாவின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். காலியான பெருங்காய டப்பாவை எந்தத் தமிழ்ப் பெண்ணும் தூக்கிப் போட்டதில்லை. வாசமுள்ள சாமான் என்று நான் கேட்டதும் அக்கா காப்பித்தூளைக் கொடுத்திருந்தார். எனக்கும் அது தெரியாது. முத்துக்குமாருக்கு மூக்கில் ஒன்றும் ஏறவில்லை, டப்பாவைப் பார்த்துச் சரியான விடையைச் சொல்லிவிட்டார். பல வருடம் கேள்வித்தாளோடு வாழ்ந்தவர். தெரியாத கேள்விக்கும் பொருத்தமான விடை எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்.

நீ ஏன் ரசத்தில் வாசமில்லை என்று சொன்னாய் என்று கவினைக் கேட்டேன். அவனுக்கு ரசம் காரம் தாங்கவில்லையாம். அண்ணன்கள் எல்லோரும் வாசமில்லை என்றதால் தனக்குத்தான் ரசம் தெரியவில்லை என்று நினைத்து அவனும் ஆமாம் போட்டானாம். இதையும் ஒரு பாடமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் கிடைப்பது ஒருவருடைய கருத்துதான்.

முத்துக்குமார் டப்பாவை மூடி வைத்தார். இரண்டு நாளுக்கு முன்னால் காய்ச்சல் இருந்தது, மாத்திரை போட்டதும் நின்றுவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை என்று அவரே சொன்னார். மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு தெரிந்தவர், வாசனை போவதைப் பற்றியும் தெரிந்தவர், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியும் மேடம். தெரிஞ்சதாலதான் சொல்லல" என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருடம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியாதவனாக இருந்தால் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லிப் புலம்பியிருப்பார். இவருக்கோ, சொன்னால் சோதனை, சோதனையில் வந்தால் தனிமை, தனிமை என்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சு, ஞாயிற்றுக்கிழமை போனால் எல்லாமே போச்சு என்று வரிசையாகத் தெரிந்திருந்தது. நாம் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்ததெல்லாம் அவருக்கு ஒளிந்துகொள்ளத்தான் உதவியது.

அவருடைய தேர்வில் அறவியல் என்று ஒரு தாள் உண்டு. இப்படி ஒரு நிலைமையைக் கொடுத்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி அந்தத் தாளில் வந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. இதில் பாதிக்கப்படுகிறவர்கள் யார் யார், எதிரில் உள்ள வழிகள் எவை, ஒவ்வொன்றிலும் நன்மை என்ன தீமை என்ன என்று படியில் நின்றபடியே ஒழுங்காகச் சொன்னார். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் அதே வீட்டில் இருப்பதையும் விடவில்லை. தன் நலனைவிடப் பொது நலனே பெரிது என்று முடிப்பேன் என்றார். அப்படியானால் இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன்.

"அந்தத் தாள எழுதணும்னா மொதல்ல ஞாயித்துக்கெழம எழுதிப் பாஸாகணும் மேடம்" என்றார்.

கிண்டல் செய்யவில்லை. தேர்வின் அமைப்பை எனக்கு விளக்கினார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் உங்களுக்கு வேண்டியது. மேலே ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் ஒரு நோயாளி. அவர் நாலு மணிக்கு டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஒரே கூடத்தில் அவரைப் போலப் பலர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். படியில் ஒரு மனிதர், அவருடைய வாழ்க்கையே இந்த ஞாயிற்றுக்கிழமை. நான் அங்கேயே கத்தி அக்காவிடம் சொல்லியிருக்கலாம். நியாயமும் அதுதான். ஆனால் சொன்னால், சர்வே என்று வந்து ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் அந்தச் சந்து முழுக்கப் பரவிவிடும். பிறகு எந்தக் கதவும் நமக்குத் திறக்காது. காய்ச்சல் வந்த ஒவ்வொரு பிள்ளையும் மாத்திரையை விழுங்கிவிட்டு விளக்கைப் போட்டு உட்கார்ந்து படிக்கும். சொல்லாமல் விட்டாலோ, சார்.

முத்துக்குமாரிடம் சொன்னேன். தம்பி, அக்காவுக்கு இது இப்போதே தெரிந்தாக வேண்டும். நீங்கள் சொன்னால் நல்லது. நான் மேலே போய்க் கதவைத் தட்டும்வரைதான் உங்களுக்கு நேரம். முழங்கால் வலிக்காரி, மெதுவாகத்தான் ஏறுவேன் என்றேன்.

இரண்டு படி ஏறியிருப்பேன். அதற்குள் அக்காவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏன் படியிலேயே நிற்கிறீர்கள், ஜல்தி வாங்கப்பா, சார் கிளம்பணும் என்றார். நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னாலிருந்து முத்துக்குமார் முந்திக்கொண்டார்.

"அக்கா, கதவச் சாத்திட்டு உள்ள நின்னு கேளுங்க. ரசத்துல ஒரு கொறையும் இல்லக்கா. எங்களுக்குத்தான் வாசம் போயிருச்சு. எனக்குக் காச்சலும் இருந்துச்சு. மறைச்சுட்டேன். சார உள்ள ரூம்லயே இருக்கச் சொல்லுங்க, நீங்களும் கிட்டப் போகாதீங்க. டயாலிசிஸ் எடத்துக்கு இப்பவே போன் போட்டு, வீட்டுல தொற்று சந்தேகம்னு சொல்லிருங்க. சொல்லாம கூட்டிட்டுப் போகாதீங்கக்கா."

நான் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கதவு மூடியது.

"அப்ப ரசம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் அக்கா உள்ளேயிருந்து. பிறகு, "சாப்பாட்டக் கட்டி கயித்துல இறக்குதேன். யாரும் மேல ஏறி வராதிய" என்றார்.

முத்துக்குமார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். கவின் பக்கத்தில் போகப் பார்த்தான், வேண்டாம் என்று நான் தடுத்தேன். அழுகிற மனிதனைத் தொடாதே என்று சொல்வதும் அந்த வருடத்தில் எங்கள் வேலையாக இருந்தது.

அன்று மதியமே ஐவரையும் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போய்ச் சோதனை செய்தோம். கவினைத் தவிர மற்ற நால்வருக்கும் இருந்தது. கவின் கூடவே இருந்தவன் என்பதால் அவனும் தனிமையில் இருக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. நால்வருக்கு வேறு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

போன் போட்டுச் சொன்னதால் டயாலிசிஸ் இடத்தில் சாரைக் கூடத்துக்குள் விடவில்லை. தனியாக ஓர் இயந்திரத்தில் வைத்து, முதலில் சோதித்தார்கள். அவருக்கும் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சமயம் நம்பிக்கை இல்லை என்றுகூடச் சொன்னார்கள், பிறகு பிழைத்து வீட்டுக்கு வந்தார். அந்தக் கூடத்தில் அன்று படுத்திருந்த மற்றவர்களுக்கு இப்படி ஒரு விஷயம் நடந்ததே தெரியாது. நம் வேலை நன்றாக நடந்தால் அப்படித்தான் இருக்கும், யாருக்கும் எதுவும் நடந்திருக்காது.

செல்வி அக்கா என்னோடு வெகுநாள் பேசவில்லை. சார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை மட்டும் போன் செய்தார். "படியில நின்னு அந்தப் பயகிட்ட நியாயம் பேசிட்டு இருந்திய. அந்நேரத்துக்கு என் வீட்டுக்காரரு உள்ள இருந்தாரு, சிஸ்டர்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நான் செய்ததிலும் இருந்தது. இரண்டும் ஒரே படியில் நிற்கும்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். அந்தச் சந்திலிருந்து அதற்கடுத்த வாரமெல்லாம் பையன்கள் தாங்களாகவே சோதனைக்கு வந்தார்கள். முத்தண்ணனே போய்ச் சொல்லிவிட்டாராம் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரிடம் சொல்லும் செய்தி அல்ல அது.

எங்கள் மருத்துவ அதிகாரி எத்தனை தாள் கொண்டுவந்தேன் என்று கேட்டார். கொடுத்தேன். அந்த ஐந்து தாளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அறிவும் மனப்பான்மையும் மிகச் சிறப்பாக இருக்கிறது, இதுபோல எல்லாப் பகுதியிலும் வர வேண்டும் என்றார். மேலே அனுப்பினோம். இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு தேவை என்று பதில் வந்தது.

தனிமையில் இருப்பவர்களுக்குத் தினமும் போன் செய்து உடம்பு எப்படி என்று கேட்பதும் என் பொறுப்புதான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் செய்தேன். தேர்வு ஆரம்பித்திருக்கும் நேரம் அது என்பது போனைக் காதில் வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முத்துக்குமார் எடுத்தார். காய்ச்சல் இல்லை, மூச்சு சரியாக இருக்கிறது, சாப்பிட்டேன் என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்றேன். ஒன்றும் வேண்டாம் மேடம் என்றார். நானும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. அந்த அறையின் மின்விசிறிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. ஒரு நல்ல காரியத்தைச் செய்த மனிதருக்கு அதற்குத் தண்டனையையும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அதனால் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எதிரில் இருப்பவருக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்று கேளுங்கள், தப்பில்லை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் உண்மையைச் சொன்னால் அவர் எதை இழப்பார் என்பதை முதலில் தெரிந்துகொண்டு போங்கள். அந்த இழப்பும் அறையில் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருக்கும். அது நிற்கும்போது யாரும் உங்களுக்குத் தப்பான விடை தர மாட்டார்கள்.

முத்துக்குமார் ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது அதே கரோல் பாக்கில் ஒரு பயிற்சி நிலையத்தில் புவியியல் எடுக்கிறார். நன்றாக எடுக்கிறார் என்று சொல்கிறார்கள். கவின் தேர்வாகி எங்கேயோ அதிகாரியாக இருக்கிறான். நான் ஓய்வுபெற்ற பிறகும் முத்துக்குமார் அவ்வப்போது போன் செய்வார், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். இந்தக் கதையை எங்கே சொன்னாலும் உங்களைப் போல ஒரு பெண் எழுந்து, அன்று படியில் நின்று சொன்னதற்காக அவர் பிறகு எப்போதாவது வருந்தினாரா என்று கேட்கும். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைதான். ஆனால் நான் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சரியான விடையைச் சொல்லிவிடுவார்.